1950–60களின் அமெரிக்கக் கார் மாடல்கள்: எந்த அளவு, எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் காப்பது

மஞ்சள்பம்பர்:
வணக்கம். 1:64 (நிஜக் காரில் 64-இல் ஒரு பங்கு) சேகரிப்பிலிருந்து பெரிய அளவுக்கு மாறப் போகிறேன். வாங்க நினைப்பவை: 1957 செவர்லே பெல் ஏர், 1959 கேடிலாக், 1963 கார்வெட் ஸ்டிங் ரே, 1965 மஸ்டாங், 1969 டாட்ஜ் சார்ஜர். கண்ணாடி அலமாரி ஒவ்வொரு தட்டும் 90 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். 1:18 எடுப்பதா, 1:24 எடுப்பதா? இரண்டாம் கை மாடல்களில் எதைச் சோதிக்க வேண்டும்? வீடு கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லை, உப்புக்காற்று வரும். விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வால்துடுப்பு59:
முதலில் தட்டை அளந்து கணக்குப் போடுங்கள், தம்பி. அமெரிக்கக் கார்கள் நீளமானவை. ஐரோப்பியக் கார் மாடலுக்குப் போட்ட கணக்கு இவற்றுக்கு ஒத்து வராது. 1959 கேடிலாக்கின் நிஜ நீளம் 225 அங்குலம், அதாவது 5715 மி.மீ. 1:18-இல் அது 318 மி.மீ. ஆகிறது. மூக்கு முன்னால் தெரியும்படி நிறுத்தினால் உங்கள் 30 செ.மீ. ஆழத்தைத் தாண்டி வெளியே நீட்டும், கதவு மூடாது. சார்ஜர் 294 மி.மீ. வருவதால் மயிரிழையில் அடங்கும். பெல் ஏர் 282, மஸ்டாங் 256. இவை சிரமமில்லை.

அகலத்தைப் பார்த்தால், கேடிலாக் 1:18-இல் சுமார் 113 மி.மீ. கார்களுக்கு இடையே 25 மி.மீ. இடைவெளி விட்டால் 90 செ.மீ. தட்டில் 6 கார். கையை விட்டு எடுக்க அந்த இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் பக்கத்துக் காரின் கண்ணாடியை உடைத்துவிடுவீர்கள். அதே தட்டில் 1:24 என்றால் 8 கார் நிற்கும், பின்னால் 6 செ.மீ. மிச்சமும் இருக்கும். 1:43 என்றால் இரண்டு வரிசையாக 24.

எடையையும் மறக்காதீர்கள். 1:18 டை-காஸ்ட் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்த மாடல்) ஒவ்வொன்றும் ஒரு கிலோவை ஒட்டி வரும். 90 செ.மீ. தாங்கலில்லாத கண்ணாடிக்கு 5 மி.மீ. தடிமன் போதாது, 8 மி.மீ. டஃபன்டு கண்ணாடி போடச் சொல்லுங்கள்.

என் தீர்ப்பு: இந்தப் பட்டியலுக்கு 1:18. ஆனால் அலமாரி ஆழம் 35 செ.மீ. வேண்டும்.

பெட்டியோடு:
இதில் எனக்கு உடன்பாடில்லை. 1960களின் கடைசியில் வந்த மசில் கார்களுக்கு (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்கள்) 1:18 சரி. ஏர்ட்ல் நிறுவனத்தின் அமெரிக்கன் மசில் வரிசை, பிறகு ஆட்டோ வேர்ல்டு, ஆக்மே, ஜி.எம்.பி., ஹைவே 61 என்று தேர்வுக்கு நிறைய இருக்கிறது. ஆனால் 1950களின் குரோம் நிறைந்த கார்களை டான்பரி மின்ட், ஃபிராங்க்ளின் மின்ட் என்ற இரண்டு நிறுவனங்களும் 1:24-இல் செய்த அளவுக்கு வேறு யாரும் அக்கறையாகச் செய்யவில்லை. கதவு, பானெட், டிக்கி மூன்றும் திறக்கும். கதவுக் கீல் பெரும்பாலும் நிஜக் கார் மாதிரியே இருக்கும். மலிவான 1:18-இல் கதவைத் திறந்தால் வளைந்த நாய்க்கால் கீல் ஒன்று வெளியே துருத்திக்கொண்டு வரும், அதை ஒருமுறை பார்த்த பிறகு கண்ணிலிருந்து மறைக்க முடியாது.

இரண்டு மின்ட்டுகளுமே டை-காஸ்ட் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டன. இன்று கிடைப்பதெல்லாம் கைமாறி வருபவை. எனவே பெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் அச்சு, காகிதங்கள், சின்னச் சின்னத் தனிப் பாகங்கள் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஏரியலும் பக்கக் கண்ணாடியும்தான் முதலில் தொலையும். அவற்றுக்கு மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது.

வால்துடுப்பு59:
மின்ட் தரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் "1:24" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. பொம்மைக் கடை மாடல்கள் பலவும் பெட்டியில் அடங்க வேண்டும் என்பதற்காகச் சுருக்கப்பட்டவை. பெரிய காரும் சின்னக் காரும் ஒரே நீளத்தில் வந்தால் அங்கே அளவு பார்த்துச் செய்யவில்லை என்று அர்த்தம்.

சோதிக்க ஒரே வழி வீல்பேஸ். மொத்த நீளத்தை அளந்தால் பம்பரும் பம்பர் கார்டும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். முன் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை வெர்னியர் வைத்து அளங்கள். நிஜ அளவை 18-ஆலோ 24-ஆலோ வகுங்கள்.

பெல் ஏர் 115 அங்குலம், 2921 மி.மீ.: 1:18-இல் 162.3, 1:24-இல் 121.7, 1:25-இல் 116.8, 1:43-இல் 67.9. கேடிலாக் 62 வரிசைக்கு 130 அங்குலம், 3302 மி.மீ.: 183.4, 137.6, 132.1, 76.8. மஸ்டாங் 108 அங்குலம்: 152.4, 114.3, 109.7, 63.8. கார்வெட் 98 அங்குலம்: 138.3, 103.7, 99.6, 57.9. சார்ஜர் 117 அங்குலம்: 165.1, 123.8, 118.9, 69.1.

ஒரு மி.மீ. முன்பின் இருந்தால் பரவாயில்லை. மூன்று நான்கு மி.மீ. விலகினால் கூரையோ பானெட்டோ எங்கேயோ விகிதம் கெட்டிருக்கும், ஏன் என்று தெரியாமலே கண்ணை உறுத்தும். 1:24-க்கும் 1:25-க்கும் பெல் ஏரில் 5 மி.மீ. வித்தியாசம். ஏ.எம்.டி., எம்.பி.சி., ஜோ-ஹான் பிளாஸ்டிக் கிட்கள் (பாகங்களை நாமே ஒட்டிச் செய்பவை) பெரும்பாலும் 1:25, மின்ட்டுகள் 1:24. இரண்டையும் தனித்தனித் தட்டில் வையுங்கள்.

ஒன்ராறியோவான்:
1:43 பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. அமெரிக்கக் காருக்கு அதிலதான் மிகப் பரந்த தெரிவு இருக்குது. புரூக்லின் மொடல்ஸ் 1974-இல தொடங்கினது இங்க ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிற புரூக்லின் எண்ட ஊரிலதான், பெயரும் அதாலதான் வந்தது. 1979-இல இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் போயிட்டுது. முதல் மொடல் 1933 பியர்ஸ்-ஆரோ சில்வர் ஆரோ. வைட் மெட்டல் (குறைஞ்ச சூட்டில உருகிற கலப்புலோகம்) வார்ப்பு, கையில எடுத்தா கனம் தெரியும். வேற ஒருத்தரும் தொடாத ஹட்சன், பக்கார்ட், காய்சர் எல்லாம் அவையளிட்ட கிடைக்கும். குறை எண்டால் விளிம்புகள் கொஞ்சம் மொத்தம், ஒண்டும் திறக்காது.

இப்ப வாற 1:43-இல கனக்க ரெசின். கோடு கூர்மையா இருக்கும், குரோம் வேலையும் மெல்லிசு. ஆனால் அந்த மெல்லிய உலோகத் துண்டுகள் பசையில மட்டும்தான் நிக்குது. வெயில் படுற கண்ணாடி அலுமாரிக்க வைச்சா அவை எழும்பி வந்திடும், ரெசின் உடலும் சூட்டில வளையும். விழுந்த துண்டை சூப்பர் குளூவால ஒட்டாதேங்கோ. அதின்ர ஆவி பக்கத்தில இருக்கிற கண்ணாடியில வெள்ளைப் புகையாப் படியும், பிறகு அதை எடுக்கிறது பெரிய வேலை. வெள்ளைப் பி.வி.ஏ. பசையை ஊசி முனையில ஒரு துளி வைச்சு ஒட்டினாப் போதும், காய்ஞ்சால் தெரியாது, பிழைச்சால் தண்ணி தொட்டுத் துடைக்கலாம்.

மஞ்சள்பம்பர்:
வீல்பேஸ் கணக்கைக் குறித்துக்கொண்டேன். அளவு சரியாக இருந்தாலும் அந்த ஆண்டுக் காருக்கு மற்ற விவரங்கள் சரியா என்று எப்படிப் பார்ப்பது? விற்பவர் "1965 மஸ்டாங்" என்று போடுகிறார், படத்தில் கிரில் வேறு மாதிரித் தெரிகிறது.

வால்துடுப்பு59:
நல்ல கேள்வி. அமெரிக்கக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆண்டும் முகத்தை மாற்றின. ஒரே அச்சில் இரண்டு மூன்று ஆண்டுக் கார்களை விற்கும் மாடல் தயாரிப்பாளர்கள் அங்கேதான் பிடிபடுவார்கள்.

மஸ்டாங்: 1965-இல் தேன்கூட்டு கிரில், நடுவில் குதிரை, அதைச் சுற்றிய சட்டத்திலிருந்து பக்கவாட்டிலும் மேலும் கீழும் குரோம் கம்பிகள் போகும். 1966-இல் கம்பிகள் போய்விட்டன, கிடைக்கோடுகள் மேல் குதிரை தனியாக நிற்கும். (ஃபாக் லைட் உள்ள ஜி.டி. என்ற ஸ்போர்ட் வகையில் மட்டும் பக்கக் கம்பி இருக்கும்.) டேஷ்போர்டையும் பாருங்கள்: சாதாரண 1965-க்கு நீளவாட்டு ஸ்பீடோமீட்டர், 1966-க்கு ஐந்து வட்ட மீட்டர்கள். 1965 ஜி.டி.யிலும் ஐந்து வட்டம் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கார்வெட்: பின் கண்ணாடி நடுவில் பிளவுபட்டிருந்தால் 1963 மட்டுமே. பானெட்டில் இரண்டு பொய் வென்ட் கிரில்களும் 1963-க்கு உரியவை. 1964-இல் பள்ளம் மட்டும் மிஞ்சியது, கிரில் போய்விட்டது. பிளவுக் கண்ணாடியும் வெறும் பள்ளமும் ஒரே மாடலில் இருந்தால் இரண்டு ஆண்டுகளைக் கலந்திருக்கிறார்கள்.

சார்ஜர்: 1968-க்கு வட்டப் பின்விளக்குகள், கிரில் நடுவே பிரிப்பு இல்லை, பக்கவாட்டு மார்க்கர் விளக்கு வட்டம். 1969-க்கு நீண்ட பின்விளக்குகள், கிரில் நடுவில் பிரிப்பு, மார்க்கர் செவ்வகம். 1970-இல் முன் கிரில்லைச் சுற்றி முழு வளையக் குரோம் பம்பர்.

பொதுவான சோதனை ஒன்று: பக்கவாட்டு மார்க்கர் விளக்கு அல்லது பிரதிபலிப்பான் அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் கட்டாயம். 1967 கமாரோ என்று விற்கும் மாடலின் ஃபெண்டரில் மார்க்கர் இருந்தால் அது 1968 அச்சு. உறுதி செய்ய முன் கதவில் முக்கோண வென்ட் கண்ணாடியைப் பாருங்கள்: 1967-இல் இருந்தது, 1968-இல் எடுத்துவிட்டார்கள்.

1957 பெல் ஏர்: கிரில் தங்க நிறம், முன் ஃபெண்டரில் மூன்று தங்கக் கோடுகள், பின் பக்கவாட்டுப் பட்டைக்குள் வரிவரியான அலுமினியத் தகடு. தகடு இல்லாமல் பெயின்ட் மட்டும் இருந்தால் அது பெல் ஏருக்கு அடுத்த கீழ்நிலைச் செவர்லேயான 210. பானெட்டிலும் டிக்கியிலும் பெரிய "வி" சின்னம் இருந்தால் உள்ளே வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் இருக்க வேண்டும். பெட்ரோல் மூடி இடது வால்துடுப்பின் பின்விளிம்புக் குரோமுக்குள் ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் மூடி வரைந்த மாடலைத் தொடாதீர்கள். விளக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றுதான். செவர்லேயில் இரட்டை விளக்கு 1958-இல்தான் வந்தது.

கேடிலாக்: 1959 வால்துடுப்பில் இரண்டு புல்லட் விளக்குகள் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். 1960-இல் துடுப்பு தாழ்ந்துவிட்டது. எல்டொராடோ (கேடிலாக்கின் உயர்நிலை வகை) என்று பெயர் போட்டிருந்தால் பானெட்டைத் திறந்து பாருங்கள்: அதில் மூன்று இரட்டை-பேரல் கார்புரேட்டர், 345 குதிரைத்திறன். மற்ற கேடிலாக்குகளுக்கு வழக்கமாக ஒரே நான்கு-பேரல், 325. எஞ்சின் இரண்டிலும் 390 கன அங்குலமே.

கியர்ராணி:
அண்ணா சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

டயர் வெள்ளைப் பட்டை. 1961 வரைக்கும் அகலப் பட்டை, 2 முதல் 2.5 அங்குலம். 1:18-ல அது 2.8 முதல் 3.5 மி.மீ. 1962-ல பட்டை ஒரு அங்குலம் அளவுக்குச் சுருங்கிடுச்சு, அதாவது 1:18-ல 1.4 மி.மீ. 1965 மஸ்டாங்குக்கு மூணு மி.மீ. பட்டை போட்டிருந்தா யாரோ டயரை மாத்தியிருக்காங்க, இல்ல தயாரிச்சவங்களே கவனிக்கல. அப்புறம் பெல் ஏர் 1957-ல 14 அங்குல வீலுக்கு மாறிடுச்சு, 1956 வரை 15. பழைய அச்சு வீலைப் போட்டா கார் தூக்கி நிக்கிற மாதிரி தெரியும்.

எஞ்சின் நிறம். 1957 செவர்லே 283 வி8 ஆரஞ்சு. 1965 மஸ்டாங் 289-க்கு எஞ்சின் உடல் (பிளாக்) கறுப்பு, வால்வு கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். 1966-லிருந்து எல்லாமே ஃபோர்டு நீலம். சார்ஜர்ல வர்ற 426 ஹெமி எஞ்சின் ஆரஞ்சு. பானெட் திறக்கிற மாடல் வாங்குறப்ப விற்கிறவங்ககிட்ட எஞ்சின் படம் கேளுங்க, முகப்புப் படத்தை விட அது நிறைய சொல்லும்.

பாடி நிறத்துக்கு அந்த ஆண்டு பெயின்ட் பட்டியலைப் பாருங்க. 1957 செவர்லேயில மேட்டடோர் ரெட், லார்க்ஸ்பர் புளூ, டிராபிகல் டர்க்காய்ஸ், சர்ஃப் கிரீன், கரோனடோ எல்லோ, இந்தியா ஐவரி இப்படித்தான் வரும். பளபளன்னு பெரிய துகள் தெரியுற மெட்டாலிக் பெயின்ட் அந்தக் காலக் காருக்குச் சேராது. சின்ன மாடல்ல துகளும் சின்னதா இருக்கணும், இல்லேன்னா நிஜ அளவுக்கு மாத்திப் பார்த்தா கோலிக்குண்டு சைஸ்ல இருக்கும்.

மஞ்சள்பம்பர்:
ஒரு மின்ட் மாடலின் படங்கள் வந்திருக்கின்றன. பானெட்டில் நுண்ணிய புள்ளிகள் தெரிகின்றன. விற்பவர் "தூசி" என்கிறார். துத்தநாக நோய் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதுவா?

பெட்டியோடு:
இரண்டும் வேறு. சேர்த்துக் குழப்பக் கூடாது.

முதல் வகை பெயின்ட் கொப்புளம். பெயின்ட் அடிக்கும் முன் உலோகம் சரியாகச் சுத்தமாகாமல் இருந்தாலோ, ஈரம் பெயின்ட்டுக்குள் ஊடுருவினாலோ, அடியில் துத்தநாகம் அரித்து வெள்ளை உப்பாகி பெயின்ட்டை மேலே தள்ளும். குண்டூசித் தலையளவு மேடுகள், கூட்டம் கூட்டமாக, பெரும்பாலும் கிடைமட்டப் பரப்பில்: பானெட், கூரை, டிக்கி. தடவினால் மணல் ஒட்டியது போல இருக்கும். துடைத்தால் போகாது, துடைத்துப் போனால் அது தூசி.

இரண்டாவது வகை வார்ப்பே உள்ளுக்குள் சிதைவது. டை-காஸ்ட் உலோகம் ஜாமக். துத்தநாகம், அதில் சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மக்னீசியமும் செம்பும். ஈயம், தகரம், கேட்மியம் மிகச் சிறிதளவு கலந்தாலும் உலோகத் துகள்களின் எல்லை வழியே அரிப்பு ஓடும். 1929-இல் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி மிகத் தூய துத்தநாகத்தை வைத்து ஜாமக்கை உருவாக்கிய பிறகு இது குறைந்தது. ஆனால் தொழிற்சாலையில் கழிவு உலோகத்தைச் சேர்த்து உருக்கினால் இன்றும் வரும். அடையாளம்: பெயின்ட்டில் வரைபடம் போல வெடிப்புக் கோடுகள், கதவு இறுகித் திறக்காமை, சேஸி நடுவில் உப்பல், அச்சுத் தாங்கி உடைதல். வார்ப்பு வீங்குவதால் நீளமே கூடும். இதற்கு மருந்து கிடையாது. மற்ற மாடலுக்குத் தொற்றாது என்பதால் பீதி அடைந்து அலமாரியைக் காலி செய்ய வேண்டாம். ஈரப்பதமும் சூடும் இதை விரைவுபடுத்தும்.

விற்பவரிடம் இப்படிப் படம் கேளுங்கள்: அறை விளக்கை அணைத்து, டார்ச்சை பானெட் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்து ஒரு படம். அதே மாதிரி கூரை, டிக்கி. கொப்புளம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும். பிறகு நான்கு கதவு இடைவெளி, அடிப்பக்கம், டயர் தரையில் படும் இடம், பெட்டியின் உள்பக்கம். பிளாஷ் அடித்த படம் எதையும் காட்டாது.

கியர்ராணி:
கொப்புளம் நாலஞ்சு மட்டும், விலையும் குறைவுன்னா வாங்கலாம், ஆனா டச்சப்ல சரியாகாது. முழு பானலையும் உரிச்சு அடிக்கணும். உரிக்க காஸ்டிக் சோடா பயன்படுத்தாதீங்க. அது துத்தநாகத்தையே தின்னும், குமிழ் விட்டு ஹைட்ரஜன் கிளம்பும், பரப்பு கறுத்துக் குழியாகும். கடையில கிடைக்கிற பெயின்ட் ரிமூவர், கையுறை, காத்தோட்டமான இடம். பிளாஸ்டிக், குரோம், கண்ணாடி எல்லாத்தையும் முதல்ல கழட்டிடணும். உரிச்ச பிறகு வெள்ளை உப்பை ஃபைபர் பென்சிலால சுரண்டி, 600 உப்புத்தாள் போட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைச்சு, அன்னைக்கே எட்ச் பிரைமர் (உலோகத்துல கடிச்சுப் பிடிக்கிற அடிப்பூச்சு) அடிச்சிடணும். கடலோரத்துல துத்தநாகத்தை ராத்திரி முழுக்க வெறுமனே விட்டா மறுபடியும் உப்பு பூக்கும், அதன் மேல அடிச்சா அதே கொப்புளம் திரும்ப வரும்.

1:18, 1:24 எல்லாம் அடியில ஸ்க்ரூ. பி.எச்.0 இல்ல பி.எச்.00 (சின்ன பிளஸ் வடிவ) முனை போதும். திரும்பப் போடறப்ப முதல்ல எதிர்த்திசையில மெதுவா திருப்பி பழைய மரை எங்க இருக்குன்னு பாருங்க, "டக்"குனு உட்காரும். அதுக்கப்புறம் இறுக்குங்க, இல்லேன்னா பிளாஸ்டிக் தூண்ல மரை போயிடும்.

ஒன்ராறியோவான்:
டை-காஸ்ட்டை மட்டும் கதைச்சுக்கொண்டிருக்கிறம். 1950களின்ர உண்மையான அமெரிக்கச் சேகரிப்பெண்டால் டீலர் புரோமோதான். கார் விற்கிற கடையளில குடுக்கிறதுக்கு ஏ.எம்.டி., ஜோ-ஹான், பிறகு எம்.பி.சி. செய்த 1:25 பிளாஸ்டிக் கார்கள். அந்த வருசத் தொழிற்சாலை நிறத்திலேயே வரும். அதால காரின்ர நிறத்துக்கு அதுவே ஒரு சாட்சி மாதிரி.

பிரச்சினை பழைய பிளாஸ்டிக். 1960களின்ர தொடக்கம் வரை அனேகமானவை செல்லுலோஸ் அசிடேட். அது காலப்போக்கில சுருங்கி முறுகும். கூரை கீழ இறங்கும், பம்பர் நுனி மேல சுருளும், உடல் முழுக்க வளையும். தட்டையான கண்ணாடியில வைச்சுப் பாருங்கோ: நாலு ரயரும் ஒரே நேரத்தில படுதா? கதவுக்குக் கீழ் விளிம்போட எஃகு அளவுகோலைப் பிடிச்சால் இடையில வெளிச்சம் தெரியுதா? சூடாக்கி நிமிர்த்தலாம் எண்டு ஆரும் சொன்னால் கேளாதேங்கோ. ஒரு பக்கம் நிமிரும், இன்னொரு பக்கம் முறுகும். பிறகு வந்த ஸ்டைரீன் புரோமோக்களில இந்த வில்லங்கம் இல்லை.

கிட்டைப் பொருத்திப்போட்டு புரோமோ எண்டு விக்கிறதும் நடக்கும். புரோமோவில பானெட் திறக்காது, எஞ்சின் இராது, நிறம் பிளாஸ்டிக்கிலேயே அல்லது ஆலைப் பெயின்ற்றில இருக்கும். கீழ் சேஸி ஸ்க்ரூவில நிக்கும். பசைத் தடம், அடைச்ச துளை, மேலதிகப் பாகத்துக்கான குறி தெரிஞ்சால் அது கிட்.

மஞ்சள்பம்பர்:
நன்றி அண்ணா, அக்கா. புரோமோ இப்போதைக்கு வேண்டாம், ஏ.எம்.டி. கிட் ஒன்று எடுத்துச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பெல் ஏர் பக்கவாட்டுக் குரோம் பட்டையை சில்வர் பெயின்ட்டால் போட்டால் சாம்பல் கோடு போலத்தான் வருகிறது. ஃபாயில் எப்படி ஒட்டுவது?

கியர்ராணி:
பேர்-மெட்டல் ஃபாயில்தான் (பின்பக்கம் பசை இருக்கிற மெல்லிய உலோகத் தாள்) இதுக்குச் சரி. சமையலறை ஃபாயில் தடிமன் அதிகம், வளைவுல மடிப்பு விழும். குரோம் மார்க்கர் பேனா சின்ன எழுத்துக்கும் கைப்பிடிக்கும் நல்லா இருக்கும், நீளப் பட்டைக்கு வேண்டாம். விரல் பட்டா மங்கிடும், மேல கிளியர் கோட் அடிச்சாலும் சாம்பலாகும்.

முதல் வேலை பெயின்ட்டுக்கு முன்னாடியே. பிரைமரும் பெயின்ட்டும் சேர்ந்து பட்டையோட ஓரப் பள்ளத்தை நிரப்பிடும். அதனால பிளாஸ்டிக்கா இருக்கும்போதே கத்தி முதுகால பட்டையின் ரெண்டு ஓரத்தையும் ரெண்டு மூணு தரம் இழுத்து ஆழமாக்குங்க. இதை விட்டுட்டா பிறகு கத்திக்கு வழிகாட்ட ஒண்ணும் இருக்காது.

பெயின்ட் நல்லா இறுகணும். லாக்கர்னா ரெண்டு மூணு நாள், எனாமல்னா குறைஞ்சது ஒரு வாரம். நகத்தால அழுத்தினா தடம் விழக்கூடாது. பாலிஷ் முடிச்சு, வாக்ஸ் போடறதுக்கு முன்னாடி ஃபாயில். வாக்ஸ் மேல ஃபாயில் பிடிக்காது.

பட்டையை விட ரெண்டு பக்கமும் 3 மி.மீ. அதிகமா தாள்லயே வெட்டுங்க. கத்தி காகிதத்தை வெட்டக் கூடாது, ஃபாயிலை மட்டும். சாமணத்தால ஒரு மூலையைத் தூக்கி உரிச்சு, இழுத்துப் பிடிக்காம பட்டை மேல படுக்க வையுங்க. இழுத்தா கிழியும். நடுவிலிருந்து ஓரத்துக்கு இயர்பட்ஸால தடவுங்க. அப்புறம் பல்குச்சியை வட்டமா தேய்ச்சு மழுங்க வெச்சு, ஓரப் பள்ளத்துல அழுத்துங்க. பட்டையோட வடிவம் தெளிவாத் தெரியுற வரைக்கும்.

வெட்ட 11-ஆம் எண் பிளேடு, புதுசு. காருக்கு ஒரு பக்கம் ஒரு பிளேடுன்னு வெச்சுக்கோங்க. கையோட கனமே போதும், அழுத்தினா பெயின்ட் வெட்டுப்படும். பிளேடை பட்டை ஓரத்துல சாய்ச்சு வெச்சு ஒரே ஓட்டமா இழுங்க. மிச்ச ஃபாயிலை உடலோட படிஞ்ச கோணத்துல மெதுவா உரிச்சு எடுங்க. நிமிர்த்தி இழுத்தா ஒட்டியதும் சேர்ந்து வரும். கிழியுதுன்னா அந்த இடத்துல வெட்டு முழுசா விழல, திரும்ப வெட்டுங்க. பசை மிச்சத்தை லைட்டர் பெட்ரோல் தொட்ட இயர்பட்ஸால எடுக்கலாம், முதல்ல சேஸிப் பக்கம் மறைவான இடத்துல சோதிச்சுட்டு.

பெல் ஏர் பின்பக்க முக்கோணத் தகட்டை ஃபாயில்ல ஒரே துண்டாப் போட வேண்டாம். மேல் பட்டை, கீழ் பட்டை, நடுத் தகடு மூணும் தனித்தனி. தகட்டோட வரிகளுக்குள்ள பல்குச்சியை நீளவாட்டுல மட்டும் ஓட்டுங்க. பழைய தாள் பசை காய்ஞ்சு கிழியும், அதனால மொத்தமா வாங்கி வைக்காதீங்க.

பெட்டியோடு:
பழைய கிட்களில் இன்னொரு கேடு டயர். மென்மையான வினைல் டயரில் உள்ள பிளாஸ்டிசைசர் (மென்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள்) கசிந்து ஸ்டைரீன் வீலை உருக்கிவிடும். டயரோடு ஒட்டிக் குழைந்து போகும். பிளாஸ்டிக் தட்டில் நிறுத்திய மாடல்களில் தரையிலும் நான்கு குழி விழும். வீல் விளிம்பில் பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டயர் மாட்டுங்கள், நேரடித் தொடர்பு அறுந்துவிடும். கனமான 1:18-ஐ ஆண்டுக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சேஸிக்கடியில் இரண்டு அக்ரிலிக் துண்டுகள் வைத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் டயர் தட்டையாகும்.

பெட்டிக்குள் பாதுகாக்க விரும்புவோர் கவனிக்க: தெர்மோகோல் பிரச்சினை இல்லை. மென்மையான மஞ்சள் ஃபோம்தான் எதிரி. அது பொடிந்து பிசுபிசுப்பாகிப் பெயின்ட்டில் தடம் விடும். மாடலைச் சுற்றியுள்ள தாளை எடுத்துவிட்டு அமிலமில்லாத டிஷ்யூ சுற்றுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

வால்துடுப்பு59:
கடலோர வீடு என்றதற்கு வருகிறேன். சென்னை மாதிரியான ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். அலமாரிக்குள் 40 முதல் 50 வரை கொண்டுவந்தால் துத்தநாகம் நிம்மதியாக இருக்கும். சிலிக்கா ஜெல்லை வெறுமனே வைத்தால் பயனில்லை, கதவு இடுக்கு வழியே வரும் ஈரத்திலேயே நிரம்பிவிடும். முதலில் கதவு ஓரத்துக்கு ரப்பர் பீடிங். பிறகு தட்டுக்கு 100 கிராம், நிறம் மாறும் வகை, ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் (ஈரப்பதம் காட்டும் கருவி) வையுங்கள். நிறம் மாறியதும் 110–120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும்.

அலமாரி அலுமினியச் சட்டமும் கண்ணாடியுமாக இருப்பது நல்லது. புது எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய) பலகையிலிருந்து அமில ஆவி வரும். ஈயம் கலந்த பழைய வைட் மெட்டல் மாடல்களில் அது வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ஏற்கனவே பலகை என்றால் எல்லாப் பக்கமும் அடைத்து வார்னிஷ் அடித்து, பல வாரம் திறந்து காற்றாட விட்ட பிறகு மாடலை ஏற்றுங்கள். உள்ளே எல்.இ.டி. போட்டால் அதன் டிரைவர் வெளியே இருக்கட்டும், சூடு அங்கிருந்துதான் வரும்.

தூசிக்கு மேக்கப் பிரஷ், கேமரா புளோயர். குரோம் பாகங்களை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். அது பிளாஸ்டிக் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சும் அதன்மேல் லாக்கரும்தான், லாக்கர் கரைந்தால் பூச்சும் போகும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகப் பிழிந்த துணி. மாடலுக்குள் ஒட்டியிருக்கும் தரைவிரிப்புப் பஞ்சில் நீர் படக் கூடாது.

மஞ்சள்பம்பர்:
1:24 மின்ட் பெல் ஏரும் 1:18 சார்ஜரும் முதலில். பெல் ஏர் கனடாவிலிருந்து வரப் போகிறது. பேக்கிங் பற்றி விற்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஒன்ராறியோவான்:
கதவு, பானெட், டிக்கி மூண்டுக்கும் இடையில டிஷ்யூத் துண்டு வைச்சு, மேல ஒட்டுத்தன்மை குறைஞ்ச நீல மாஸ்கிங் டேப்பை டிஷ்யூ மேல மட்டும் ஒட்டச் சொல்லுங்கோ, பெயின்ற்றில நேரா ஒட்டக் கூடாது. ஏரியலையும் பக்கக் கண்ணாடியையும் கழட்டித் தனிச் சிப் பையில போட வேணும். பபிள் ராப்பின்ர குமிழ்ப் பக்கம் வெளியால பார்க்க வேணும், உள்ளால இருந்தால் சூட்டில பெயின்ற்றில வட்டம் வட்டமாத் தடம் விழும். மாடல் பெட்டியைச் சுத்தி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடம் விட்டு இன்னொரு தடிச்ச பெட்டி. ஆட்டிப் பார்த்தால் உள்ளுக்கை சத்தம் வரக் கூடாது.

மாசியில இங்கயிருந்து அனுப்பினால் பெட்டி உறைகுளிரில நிண்டு வரும், உங்கட ஊரில வந்து உடன திறந்தால் உலோகத்தில தண்ணி வேர்க்கும். ஒரு முழு நாள் பெட்டியை மூடினபடியே அறைக்க வைச்சிட்டுத் திறவுங்கோ. திறக்கேக்க வீடியோ எடுங்கோ, டார்ச்சைத் தாழ்த்திப் பிடிச்சு பானெட்டில அடிச்சு அதையும் சேர்த்து.

மஞ்சள்பம்பர்:
குறித்துக்கொண்டேன் அண்ணா. வீல்பேஸ் 121.7, தங்கக் கிரில், ஆரஞ்சு எஞ்சின், இடது துடுப்பில் மூடி. வந்ததும் வெர்னியர் அளவோடு படம் போடுகிறேன்.